சரியல்ல

மூன்று முறை கூப்பிட்டார்கள்.
மூன்றாவது முறைதான் என் பெயர் மாதிரி கேட்டது.
"அ.சா. நான்கு, ஜபருல்லா!"

எட்டு வருடம், பதினோரு வாய்தா.
ஒருநாள் நீதிபதி விடுப்பு,
ஒருநாள் வக்கீல்கள் புறக்கணிப்பு,
ஒருநாள் புழலிலிருந்து ஆளைக் கொண்டுவர வழிக்காவல் இல்லை.
ஒருநாள் எல்லோரும் வந்திருந்தோம்,
கேஸ் கட்டைக் காணோம்.

தங்கசாலையில் சாவிக்கடை எனக்கு.
கடை என்றால் ஒரு குடை, ஒரு பெட்டி, ஏழு அரம்.
எதிரே ஸ்டேஷன்.
"பாய், ஒரு கையெழுத்து" என்பார் ஏட்டு,
டீ சொல்லுகிற குரலில்.
போடுவேன். குடை விரிக்க இடம் வேண்டுமே.
அப்படித்தான் மகஜர் சாட்சி ஆனேன்,
ஒரு பொருளையும் கண்ணால் பார்க்காமல்.

கூண்டில் ஏறிக் கடவுள் அறிய உண்மை என்றேன்.
அரசு வக்கீலுக்கு அன்றைக்கு என்னோடு பத்தொன்பது சாட்சி.
வராந்தாவிலேயே சொல்லிவிட்டார்:
"கேட்டதுக்கு மட்டும் பதில்."

நான் பேசினேன்.
நீதிபதி அதை வேறொரு தமிழில் சொன்னார்.
தட்டச்சு அம்மா தட்டினார்.
"ஆமாங்க, பக்கத்துலதான் இருந்தேன்" என்றது
"மேற்படி பொருட்களைக் கைப்பற்றியபோது நான் உடனிருந்தேன்" ஆயிற்று.
என் வாயில் நுழையாத சொற்கள்
இஸ்திரி போட்டுக்கொண்டு என் பெயரில் நின்றன.

அப்புறம் அரக்கை உடைத்து
பழுப்பு உறையிலிருந்து எடுத்தார்கள்
சான்றுப் பொருள் இரண்டு.
ஒரு சாவி.

கையில் வாங்கினேன்.
பித்தளை. மூன்றாவது பல்
மயிரிழை கூடுதலாக அராவியிருந்தது.
அந்தப் பிசகு என்னுடையது.
என் கையெழுத்தைவிட நன்றாக
எனக்கு வாசிக்க வருகிற கோடுகள் அவை.

ஒரு கல்லூரிப் பையன், கழுத்தில் அடையாள அட்டை.
இறுகுது என்று மறுநாளும் வந்தான்,
இன்னும் கொஞ்சம் அராவிக் கொடுத்தேன்.
முப்பது ரூபாய்க்கு ஐம்பதை நீட்டி
"அப்பாவுக்குத் தெரிய வேணாம் பாய்" என்றான்,
மீதி வாங்கவில்லை.

அதோ மூன்றாம் பெஞ்சில்,
நகை பறிகொடுத்த அப்பாவுக்குப் பக்கத்தில்,
கொஞ்சம் தொப்பை போட்டு,
செல்போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு
தரையைப் பார்க்கிறான்.

எதிர்க்கூண்டில் துளுக்காணம் மகன் டில்லிபாபு
கொசு கடித்த காலை மறுகாலால் சொறிகிறான்.
என்னைப் பார்க்கவில்லை.
எனக்கு முன் மூன்று பேரைப் பார்த்தாயிற்று அவனுக்கு.

"இதுதானா?"
"ஆமாங்க, இந்தச் சாவிதான்."
பொய் இல்லை. இந்தச் சாவிதான்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தது
சட்ட உதவி வக்கீல், சின்ன வயசு,
கோட்டில் ஒரு பட்டன் இல்லை.
நாலே கேள்வி, நாலும் மனப்பாடம்.
காவல் நிலையத்தில் வெற்றுத்தாளில் கையொப்பமிட்டேன் என்றால் சரியல்ல.
என் முன்னிலையில் எதுவும் கைப்பற்றப்படவில்லை என்றால் சரியல்ல.
போலீசாருக்குப் பயந்து பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.
நாலாவதும் அதே மாதிரிதான்.

இந்தச் சாவியைச் செய்தது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்?
தொண்டை வரை வந்து நின்றது. அதற்கு மேல் தெரியாது.

படித்துக் காட்டினார்கள். சரியென்று கையெழுத்து.
சாட்சிப் படிக்கு இன்னொரு கையெழுத்து,
பணம் பிறகு வருமாம்.
சாவி மறுபடி உறைக்குள் போனது, புது அரக்கோடு.

தம்புச்செட்டித் தெரு வழியே நடந்தே வந்து
மூன்று மணிக்குக் குடை விரித்தேன்.
ஒரு அம்மா சாவியை நீட்டினாள், அவசரம் என்றாள்.
"இது யார் வீட்டுது?" என்று கேட்டேன்,
இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.
முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள்.

எதிரே படியில் ஏட்டு நின்றார். வேறு ஏட்டு, புதுசு.
கையில் ஒரு தாள்.
"பாய்..."

நான் எழுந்து போகவில்லை
என்றால் சரியல்ல.