மீதிச் சில்லறை

'மனிதர் ஏன் நம்புகிறார்கள்?'
எழுதிக்கொண்டு போனேன்.
நொம்புசோ மேடம் சிரிக்கவில்லை.
'இதை எந்தத் தராசில் வைப்பாய்?'

டர்பன், வார்விக் நிலையம். சாட்ஸ்வொர்த் டாக்ஸி.
பின்சீட்டிலிருந்து நூறு ராண்ட் நோட்டு
ஐந்து கை மாறி முன்னால் போகிறது.
மீதி அதே கைகளில் ஏறித் திரும்புகிறது,
வெதுவெதுப்பாக.
சிலர் எண்ணுகிறார்கள். சிலர் அப்படியே பைக்குள்.

அங்கேதான் கேள்வி இளைத்தது:
தோள் இடிக்கும் வண்டியில்
எண்ணுகிறவர்கள் குறைவு,
பாதி காலி வண்டியில் அதிகம்.
இப்படி நடக்காவிட்டால்
நான் சொன்னது தப்பு.

அந்தக் கடைசி வரிக்குத்தான்
மூன்று வாரம் பிடித்தது.

இன்று சரியான நெரிசல்.
என் மீதி வந்தது. எண்ணினேன்.

குறிப்பேட்டில் என்னைச் சேர்க்கவில்லை.
எந்த விடை வேண்டுமென்று
எனக்குத்தான் முன்பே தெரியுமே,
என்று
சாக்கு எழுதி, அடித்தேன்.