தகரத்துக்கு ஒரு சீட்டு

பதினாலு பேருக்கான வேன்.
பதினேழு பேர், மூன்று பிரஷர் குக்கர்,
புஷ்பகாந்தி மடியில் போர்வை சுற்றிய டீவி,
அவிசாவளைக்கு முன்பே வாந்தியெடுத்த
ரெஜினோல்டின் பொடியன்.
கூரைமேல் என்னுடைய ஆறு தகரம்.

தகரத்துக்கும் ஒரு சீட்டுக் காசு என்றான் பந்துல.
இரண்டாயிரத்து ஐந்நூறு.
தீபாவளிக்கு முதல்நாள் இரவு
புறக்கோட்டையில் நின்று பேரம் பேசுகிறவன்
அங்கேயே நிற்க வேண்டியதுதான்.
கொடுத்தேன்.

ஒன்பது வருஷம்
அடுத்தவன் கூரைக்கு அளந்து விற்றவன் நான்.
எத்தனை அடி, எத்தனை ஆணி என்று
பில்லில் எழுதும்போதெல்லாம்
எங்கள் காம்பரா மூலையில்
அம்மா வைத்த பெயிண்ட் வாளிக்குள்
ஒரு சொட்டு விழும்.

கித்துல்கலை வரை ஆறு கூடவே வந்தது.
ஒவ்வொரு வளைவுக்கும் தகரம் வாய் திறந்தது.
"அந்தச் சனியனக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."
தவமணி அக்கா.
தெகிவளையில் ஒரு மாடிவீட்டில்
கரண்டிச் சத்தம்கூடக் கேட்காமல் சமைக்கிறவள்.
அவளுக்கு வாய்த்த தூக்கம்
வருஷத்தில் இந்த ஆறு மணிநேரம்.

கினிகத்தேனையில் ஜன்னல்களை அடைத்தார்கள்.
மழை.
மழைக்குள் பனி.
வட்டவளைக்கு இந்தப் பக்கம்
பாதி ரோட்டில் மலை வந்து படுத்திருந்தது.
ஓரமாய் எடுத்தான் பந்துல;
பின்சில்லு சேற்றில் இறங்கிவிட்டது.

தள்ளினோம்.
கல் போட்டோம்.
யாரோ வெட்டிக் குவித்திருந்த மிலாறைக்
கட்டுக்கட்டாய்த் தூக்கிவந்து போட்டோம்.
எல்லாவற்றையும் தின்றது சில்லு.
பிறகு பதினாறு பேரும்
மேலே பார்த்தார்கள்.

ஒருத்தரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.
நானே ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன்.

இரண்டு தகரம்.
டோர்ச் வெளிச்சத்தில்
சேற்றின்மேல் கண்ணாடி மாதிரிக் கிடந்தன.
வேன் ஏறியபோது அவை போட்ட சத்தம்
பள்ளத்தாக்குக்குள் போய்த் திரும்பி வந்தது.
தவமணி அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
நெளிந்ததை என்னோடு பிடித்து மேலே ஏற்றினாள்.

அட்டனில் விடியும்போது வெடிச்சத்தம்.
நோர்வூட்டில் டீவி இறங்கியது.
சீட்டுக் காசைப் பற்றி
பந்துலவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
மூணாம் நம்பர் டிவிஷனுக்கு
நானும் தகரமும் மட்டும் போய்ச் சேர்ந்தோம்.

கூரையில் கை வைக்க
ஆபீசில் எழுதிக் கேட்க வேண்டும்.
அப்பா இரண்டு தரம் எழுதினார்.
முதல் கடிதம் துரை மாறும்போது காணாமல் போனது.
இரண்டாவதற்கு நாலு வருஷமாய்ப்
பதில் வந்துகொண்டிருக்கிறது.
தீபாவளிக்குத்தான் ஆபீஸ் பூட்டு.
எனக்கு லீவு இரண்டு நாள்.

இஸ்தோப்பில் தகரத்தை இறக்கினோம்.
டயர் ஏறிய இரண்டைக் காட்ட வெட்கமாயிருந்தது.
அம்மா நெளிவில் விரல் வைத்துப் பார்த்து,
"வேனோட வந்த அத்தன பேரும்
நம்ம வீட்டுமேல ஏறிட்டாங்க" என்றாள்.

அப்பா குந்தி உட்கார்ந்து
அந்த இரண்டையே வெகுநேரம் பார்த்தார்.
"இது நல்லாருக்கு," என்றார்.
"பழசு மாதிரியே இருக்கு."
பிறகு பளபளத்த மிச்ச நாலையும்
வாசலில் பரப்பி,
கானுக்குள் கைவிட்டுச் சேற்றை அள்ளி,
புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிற கவனத்தோடு
மூலையிலிருந்து பூசத் தொடங்கினார்.

அன்று மாலைக்குள் அடித்து முடித்தோம்.
பெயிண்ட் வாளியை அம்மா
வெளியே எடுத்துவைத்தாள், கழுவாமல்.
இரவு முழுக்க மழை.
உள்ளே ஒரு சொட்டு இல்லை.
மூன்று பேரும் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடியற்காலை முதல் பஸ்.
எதிர்மலை வளைவில் திரும்பிப் பார்த்தேன்.
கறுத்த லயத்துக் கூரைகளின் வரிசையில்
நாலு தகரம்
குளித்து முழுகிய மாதிரி
மின்னிக்கொண்டிருந்தது.

மணி ஆறரை.
ஆபீஸ் எட்டுக்குத் திறக்கும்.