சேந்துதான் போனோம்

பாலக்காட்டுச் சித்தூர்.
ஆந்திரச் சித்தூருக்குப் போகவேண்டிய சம்மன்
வருடத்துக்கு இரண்டாவது இங்கே வந்துவிடும்.
வழக்கு எண் மறந்துபோயிற்று.
ரேஷன் அரிசி, நாற்பத்திரண்டு கிலோ,
வேலந்தாவளம் சாவடிக்கு அரை மைல் தள்ளி
தென்னந்தோப்பு வழியாக.

ஒன்றாம் பிரதி திருமாத்தாள்.
இரண்டாம் பிரதி சுலைகா.
பிரதி என்றால் இங்கே குற்றம் சாட்டப்பட்டவர்;
தமிழ்க் காதுக்கு ஜெராக்ஸ் கடை.
நான் மொழிபெயர்க்கிறவன்,
தினப்படி உண்டு, டீ சொந்தக் காசில்.

கூண்டில் ஏறித் திருமாத்தாள் சொன்னது
மூன்றே வார்த்தை:
“நாங்க சேந்துதான் போனோமுங்க.”

டுகெதர் என்று போட்டால்
பழனிக்குப் போன மாதிரி இருக்கிறது.
ஜாயின்ட்லி என்றால் வங்கிக் கணக்கு.
அரசு வக்கீல் விரலால் மேசையைத் தட்டி
ஹேண்ட் இன் குளோவ் என்று எடுத்துக்கொடுத்தார்.
கையுறைக்குள் கை.
பங்குனி வெயிலில் இந்தப் பக்கம் கையுறையை
வாளையாறு சிமெண்டு ஆலை வாசலில்தான் பார்த்திருக்கிறேன்.
இவர்களில் யார் கை, யார் உறை?
கேட்கவில்லை.
கேட்பதற்குத் தினப்படி கிடையாது.

அகராதியைப் பிரித்தேன்.
இன் கஹூட்ஸ்:
ஆந்தைக்கு இருமல் வந்தது போல.
திக் ஆஸ் தீவ்ஸ்:
நெருக்கத்துக்கு உவமை தேடிப் புறப்பட்ட வெள்ளைக்காரனுக்கு
வழியில் திருடன்தான் அகப்பட்டிருக்கிறான்.
நமக்கு நகமும் சதையும்,
அதிலும் நகத்தை வாராவாரம் வெட்டிவிடுகிறோம்.
கனைவன்ஸ்:
கண்ணை மூடிக்கொள்வது இதன் வேர் என்று
பொடி எழுத்தில் போட்டிருந்தது.
கண்ணை மூடிக்கொண்டவர் சாவடியில் இருந்தார்.
பிரதிகளில் அவர் இல்லை.

சுலைகா தன் முறை வந்தபோது
திருமாத்தாளைக் காட்டிக் கூட்டுகாரி என்றாள்.
அவள் ஊரில் அது தோழி.
சாவடியைத் தாண்டிக் கிழக்கே பத்தடி வந்தால் கூட்டாளி,
இன்னும் பத்தடியில் கூட்டுக்களவாணி.
சும்மா கூட்டு என்றால் பூசணிக்காய், கடலைப்பருப்பு,
இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்.
எது எப்படியோ,
பெஞ்சு கிளார்க் எழுதி முடித்திருந்தார்:
கூட்டுப்பிரதி.

மதிய இடைவேளையில்
அரசு வக்கீல் தன் போனை நீட்டினார்.
மகளும் அவள் சிநேகிதியும், ஊட்டி, ஒரே தொப்பிக்குள் இரண்டு தலை.
கீழே பார்ட்னர்ஸ் இன் கிரைம் என்று போட்டு
இரண்டு சிரிப்பு முகம்.
நானும் சிரித்தேன்.

பிற்பகல்.
யார் யாரைக் கூப்பிட்டது?
“நெனப்பில்லைங்க.”
யார் தூக்கியது?
“மூட்டைக்கு ரெண்டு காதுங்க.
ஒத்தையாப் புடிச்சா நகராது.
அவ ஒண்ணு, நா ஒண்ணு.”
யார் முதலில் நின்றது?
“கால் வலிச்சவ நின்னா.
இன்னொருத்தி எப்படி நடக்கறதுங்க?”

இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.
இன் டான்டம் இருந்தது.
விளக்கத்தில்
ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பூட்டிய குதிரைகள்.
இவர்கள் பக்கம் பக்கமாக நடந்திருக்கிறார்கள்,
நடுவில் அரிசி.

கடைசியில் சொன்னதைச் சொன்னபடி அடித்தேன்:
சாக்கின் இரண்டு காதுகள், ஆளுக்கொன்று.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
சாக்குக்குக் காது உண்டா?

உண்டு என்றார்கள்
பெஞ்சு கிளார்க், டவாலி, இரண்டு போலீஸ்காரர்கள்,
வாசலில் வாய்தாவுக்கு நின்ற ஒரு கள்ளுக்காரர்.
மலையாளத்திலும் தமிழிலும் அது ஒரே சொல்தான்,
யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அபராதம் தலைக்கு ஐந்நூறு.
திருமாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து
சுலைகா தந்த நோட்டுகளையும் அதில் வைத்து
எண்ணிக் கட்டினாள்.
“ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டாப் போட்டுக் குடுங்க.”

முடியாது என்றார் கிளார்க்.
ரசீது தனித்தனிதான்.