ஒரு கை குறைகிறது

மைதானத்தின் இடது மூலையில்
கம்பி வலைக்குப் பின்னால் எட்டு இரும்பு நாற்காலிகள்.
புல்பென் என்பார்கள். காளைகளை அடைக்கும் பட்டி.
பதினோரு வருஷமாக அங்கே நான் கேட்சர்.
ஒரு ஆட்டத்திலும் என் பெயர் பலகையில் வந்ததில்லை.
களமிறங்குமுன் அவர்கள் எறிந்து பழகும் பந்துகளைக்
குந்தியிருந்து வாங்குவது,
தொலைபேசி அடித்தால் எடுப்பது,
வேலை அவ்வளவுதான்.

அக்டோபரில் எட்டுப் பேர் இருந்தார்கள்.
பெகேரோ கைமாறினான், மேற்குக் கரைக்கு;
பதிலுக்கு வந்தது கொஞ்சம் பணமும் ஒரு வாக்குறுதியும்.
ஹாலோரனின் முழங்கையைத் திறந்து
மணிக்கட்டிலிருந்து எடுத்த நாணை அங்கே வைத்துத் தைத்தார்கள்.
இருவரை நிர்வாகம் கைகழுவியது.
ஒருவன் தானாகவே போய் ஐடஹோவில் தேனீ வளர்க்கிறான்.
பிராண்ட்வோல்டின் ஒப்பந்தம் முடிந்தது.
நவம்பரில் மிச்சம் இரண்டு பேர்,
மற்ற நாற்காலிகளில் பனி.

குளிர்காலத்தில் நான் ஈரி ஏரிக்கரையில்
நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு உப்புத் தூவிக்கொண்டு போகையில்
ரோவினா அழைப்பாள். பட்டியை நிரப்புவது அவள் பொறுப்பு.
பணம் குறைவு. பெரிய ஊர்க்காரர்கள்
நல்ல கைகளையெல்லாம் வான்கோழி விருந்துக்கு முன்பே
வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.
"மிச்சத்தை வைத்து ஒரு கை பார்ப்போம், வெண்டல்."

கம்பளக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.
இரண்டு வெப்பமூட்டிகள், ஒன்று இருமும்.
வந்தவர்களை அவளது கணினி அளந்தது:
பந்து எத்தனை முறை சுழன்றது, எத்தனை அங்குலம் இறங்கியது.
நான் அளக்கவில்லை. வாங்கினேன்.

கூரை வேயும் டொபாயஸ், இடக்கையன், நகக்கண்ணில் தார்;
அவன் பந்து கடைசி நொடியில்
கோபத்தில் சாத்தும் கதவுபோல் திரும்பும்.
ஒசாகாவிலிருந்து ஹிராய்வா;
விரல் தரையை உரசக் குனிந்து எறிவான்,
ஒவ்வொரு பந்துக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.
மெக்சிகோவிலிருந்து அண்ணன் தம்பி இருவர்,
யார் யாரென்று எனக்குத் தெரிய ஒரு வாரம்.
பிறகு நூறு மைல் வேகத்தில் ஒரு பையன்.
பந்து எங்கே போகுமென்று அவனுக்கும் தெரியாது,
என் தலைக்கு மேல் தகரத்தில் மூன்று பள்ளம்.
அவனையும் எழுதிக்கொண்டாள் ரோவினா.
வேகத்தைக் கற்றுத்தர முடியாது என்றாள்.
நேராக எறிவதை மட்டும் முடியுமாக்கும்.

ஜனவரியில் ஏழு.
எட்டாவது இடம் கேட்டு பிராண்ட்வோல்ட் வந்தான்.
வயது முப்பத்தெட்டு.
ஒன்பது வருஷம் ஒன்பதாவது இன்னிங்ஸ் அவனுடையது.
என் கல்யாணத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு
படகுச் சாவியின் வளையத்தைக் கழற்றிக் கொடுத்தவன்.
இருபத்தைந்து பந்து எறிந்தான்.
எல்லாம் நான் கேட்ட இடத்தில், நூல் பிசகாமல்.
கணினித் திரையை ரோவினா எங்கள் பக்கம் திருப்பவில்லை.

அவன் என்னிடம் நடந்து வந்தான்.
"கையைக் காட்டு."
கையுறையைக் கழற்றினேன்.
புதியவர்கள் ஐந்து பேரும் தந்த சிவப்பில்
ஸ்டீயரிங் பிடிக்க முடியாமல் கிடந்திருக்கிறேன்.
அன்று உள்ளங்கை
மாவு பிசையக் கழுவியதுபோல் இருந்தது.
வெறும் வெள்ளை.

"குளிர். அந்த வெப்பமூட்டி சரியில்லை" என்றேன்.
"ஆமாம், குளிர்" என்றான்.
ரோவினாவிடம் கை குலுக்கிவிட்டுப் பையை எடுத்தான்.
வெளியே அவன் காரைச் சுற்றிக் குவிந்திருந்த பனியை
நான்தான் அள்ளிவிட்டேன்.
மெதுவாக அள்ளினேன்.

பிப்ரவரி. அரிசோனாவுக்கு லாரி கிளம்புகிறது:
பந்து வாளிகள், சூரியகாந்தி விதை மூட்டைகள்,
மட்டையைவிட அதிகமாய் மருந்துப் பெட்டிகள்.
ரோவினா அழைத்தாள்.
"எத்தனை நாற்காலி ஏற்றச் சொல்ல?"
எட்டு என்றேன்.
"ஏழு பேர்தானே இருக்கிறார்கள்?"
"மார்ச் கடைசியில்
யாராவது ஒருவனை யாராவது கைவிடுவார்கள்."
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, எழுதிக்கொண்டிருப்பாள்.
வண்டியின் அலகைத் தரைக்கு இறக்கினேன்.
தெரு இன்னும் முழுசாகக் கிடந்தது.