பங்காளிகள்

பாரத்தில் இரண்டு கட்டம்தான்.
செம்பருந்து. கடற்கழுகு.
பத்து மாவுங் மீன் இறங்குதுறையில், ஐஸ் ஆலைக்குப் பின்னால்
நாற்காலி போட்டு எண்ணுகிறேன்:
எத்தனை, எந்த உயரம், ஓடுபாதைப் பக்கம் போனதா இல்லையா.
விமான நிலையத்துக்கு வேண்டியது எடை.
அரைக் கிலோ மோதுவது வேறு,
மூன்று கிலோ மோதுவது வேறு.

முதலில் வருவது எப்போதும் செம்பருந்து.
வெள்ளைத் தலை, செங்கல் முதுகு.
கணவாய்க் குடல் மிதக்கும் எண்ணெய்த் தண்ணீரில்
விரல் மட்டும் நனையக் குனிந்து அள்ளும்,
பறந்தபடியே தின்னும்.
செத்ததா, சாகப்போவதா என்று கேட்காது.
ஞாயிறு பூசை தவறாத தேவசகாயம்கூட
'கருடன்' என்று
செதில் ஒட்டிய கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வான்.
கேட்டால், "பழக்கம்க்கா."

கடற்கழுகுக்கு யாரும் போட்டுக்கொள்வதில்லை.
அது வருவதும் இல்லை. இருக்கிறது,
பாலத்தின் விளக்குக் கம்பத்தில், முதுகைக் காட்டி,
சாம்பல் கோட்டு மாட்டிய வட்டிக்காரன் மாதிரி.
மற்றதற்கு வால் விசிறி; இதற்கு ஆப்பு.
கடல்பாம்பை நெளிய நெளியத் தூக்கும்.
சிப்பிக்கு அடிமை என்று இதற்கு மலாயில் ஒரு பேராம்.
தண்ணீர் ஏறும்போது சிப்பிகளை எழுப்பிவிடுமாம்.
படகுக்கார வான் ஷுக்ரி சொன்னார்.
இத்தனை பெரிய மூக்கை வைத்துக்கொண்டு
அடிமை!

புதன்கிழமை
செம்பருந்து ஒரு மடவையோடு ஏறியது.
நான் பார்த்து முதன்முதலாக உயிருள்ள மீன்,
வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.
கம்பத்திலிருந்து மற்றது பாயவில்லை; சரிந்தது.
கத்தல் இல்லை. நகம் படவில்லை.
பாகப்பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி
செம்பருந்து காலைத் திறந்தது.
மீன் தண்ணீரைத் தொடவே இல்லை.

"பங்காளிங்கக்கா," என்றான் தேவசகாயம்.
இதற்குக் கட்டம் இல்லை.

நாலரைக்குத் தவிட்டு நிறத்தில் ஒன்று வந்தது.
இந்த வருஷத்துப் பிறப்பு.
இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்கு முதலில் இதே நிறம்தான்.
வால் விசிறியா, ஆப்பா?
வெயில் நேரே கண்ணில்.
தூரம் தெரியாமல் அளவும் தெரியவில்லை.
கோலாலம்பூர் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்தது.
அது தலையைத் திருப்பிப் பார்த்தது.
விலகாமல்
இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

பாரம் காற்றில் படபடத்தது.
பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.