ஒன்பதாவது மணி

நகரிக்குப் பக்கத்தில் மாங்கூழ் ஆலை.
ஆனியில் கிளிமூக்கு வந்து குவிந்தால்
கேட்டைப் பூட்ட மறந்துவிடுவார்கள்.

மணிக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
"ஒன்பதாவது மணிக்கும் அதேதானா?"
தேசம்மா கேட்டாள்,
மாம்பால் பட்டு வெந்த விரல்களை
வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு.

மேஸ்திரி முனிரத்தினம் சிரித்தார்.
"டபுளெல்லாம் மாசச் சம்பளக்காரனுக்கு.
உனக்கு மணிக்கணக்கு.
மணின்னா மணிதானே?"

முதல் மணியில்
கத்தி பழத்தை மட்டும்தான் வெட்டும்.
அதை அவள் சொல்லவில்லை.

ஜன்னலில் இறக்காத லாரியின் டிரைவர்
சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.
சும்மா நின்ற வண்டிக்கு
இரண்டாம் நாளிலிருந்து ஹால்ட்டிங் காசு.
மூன்று நாளாச்சாம்.

தேசம்மா கையைத் துடைத்தாள்.
போய்
டிரைவர்கள் வரிசையில் நின்றாள்.

முறை வந்தது.
குமாஸ்தா நிமிராமலே கேட்டார்:
"பண்டி நம்பர் செப்பு."