மூணாம் தரம்

ஐஸ் பிளாண்ட்டின் பின்சுவரில்
என் செல் நம்பர் இருக்கிறது,
படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட்டில்.
கீழே ஒரே வரி:
தனியாப் போடாதே.

போடாதே என்று மட்டும் எழுதியிருந்தால்
ஊர் என்னைக் கும்பிட்டிருக்கும்.
'தனியா'வைச் சேர்த்ததற்கு
பஞ்சாயத்தில் ஐயாயிரம் அபராதம்.
கட்டினேன், மூன்று தவணையாய்.
எழுத்தை அழிக்கவில்லை.

ஏனென்றால் ஐப்பசியில், பாலத்தடியில்,
கலைவேந்தனோடு நாலு பேர் இருந்தார்கள்.
நாலு பேரும் ஓடினார்கள்.
நண்டு பிடிக்க வந்தவர்தான்
விடிந்தபின் அவனைப் பார்த்தார்.

அன்று மூன்றரை மணிக்கு அழைத்தது
அஞ்சலாட்சி.
"தேசப்பன் மவன் கெடக்கிறான்.
ஒதடு நாவப்பழமா இருக்கு.
கொறட்ட மாதிரி வந்துச்சி,
இப்ப அதுவும் இல்ல."

முதுநகர் துறைமுகத்தில்
மீன் ஏலம் விடுகிறவள்.
போன மாதம் வலைக் கூடத்தில்
பதினொரு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்தபோது
ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து
வெற்றிலை மென்றபடி கேட்டாள்.
தலையைப் பின்னுக்குச் சாய்க்கணும்,
மூக்கைப் பொத்தணும்,
ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு.
ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரெண்டு என்று
எண்ணச் சொன்னேன்.
"அது எனக்கு வராது தம்பி.
எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான்."

சிங்காரத்தோப்பிலிருந்து சைக்கிளை மிதித்தேன்.
உப்பனாற்றுப் பாலம் ஏறி இறங்கும்வரை
சட்டைப்பையில் போன் திறந்தே கிடந்தது.
காற்று. பிறகு அவள் குரல்:

ஒரு தரம்

ஊதுகிறாள்.

ரெண்டு தரம்

ஊதுகிறாள்.

மறுபடி ஒரு தரம்.
மறுபடி ரெண்டு தரம்.

மூணு என்றால் முடிந்தது,
கூடை கைமாறிவிடும்.
முப்பது வருடம் அந்த மூன்றைச் சொல்லியே
சோறு தின்றவள்
இப்போது அதை வெற்றிலை மாதிரி
கொடுப்பில் அடக்கி வைத்திருந்தாள்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
சிரிஞ்சு, டார்ச், நலாக்சோன் இரண்டு ஆம்பூல்.
கழுத்தை ஒடிக்கையில் விரல் கிழிந்தது.
கைலியை ஒதுக்கித் தொடையில் குத்தினேன்.
என் தொடையிலும் இதே இடத்தில்
யாரோ ஒருவர் குத்தியிருக்கிறார்,
வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில்.
முகம் தெரியாது.
அவர் கையும் இப்படி ஆடியிருக்குமா?

முதல் ஆம்பூலுக்கு ஒன்றுமில்லை.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.
இரண்டாவதற்கு
விலா தானாய் ஏறியது.

கண் திறந்தவன் கேட்டான்:
"எந்த நாயி எழுப்புனது?
அறநூறு ரூவா போச்சு."
அஞ்சலாட்சி முந்தானையால் வாயைத் துடைத்தாள்.
"எங்கிட்ட வாங்கிக்க. மொதல்ல ஒக்காரு."

போகவிடக் கூடாது.
எங்கள் மருந்து சீக்கிரம் இறங்கிவிடும்,
அவன் கரைத்து ஏற்றிய மாத்திரை
இறங்காமல் உள்ளே காத்திருக்கும்.
ஆம்புலன்ஸ் வந்தது. ஏற மாட்டேன் என்றான்.
ஆஸ்பத்திரி என்றால் போலீஸ்,
போலீஸ் என்றால் அப்பன்.
வந்த பெண் சைரன் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு
அவன் விரலில் கிளிப் மாட்டி
அரைமணி நேரம் பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.
"மறுபடி தூங்கி விழுந்தா உடனே கூப்பிடுங்க."

ஐந்தேகாலுக்குப் படகுகள் வந்தன.
முதல் கூடை கானாங்கெளுத்தி.
தரையில் கொட்டி, அவள் தொடங்கினாள்:
எண்ணூறு. எண்ணூத்தம்பது. ஆயிரத்தி நூறு.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா" என்றார் பண்ருட்டி வியாபாரி.
ஐஸ் உடைக்கிறவன் கட்டையோடு திரும்பினான்.
அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் நம்பருக்குக் கீழே சாய்ந்து
சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவன்
டீயில் விழுந்த ஈயை
ஒரு விரலால் எடுத்துப் போட்டான்.
பிறகு கிளாஸை வாயருகே கொண்டுபோய்
ஊதினான்,
ஊதி ஊதிக் குடித்தான்.

மூணு தரம், என்றாள்.